வாழைப்பழ வாசனை

மிட்டாய்க் கடையில் வாங்கிய மஞ்சள் நிற இனிப்பொன்றை வாயிலிட்டதும் கனிந்த வாழைப்பழத்தின் மணம் எழுகின்றது. ஆயினும் அதிற் பழம் சிறிதும் சேராதிருக்கலாம். அம்மணத்தைத் தருவது ஐசோஅமைல் அசற்றேற்று என்னும் எசுத்தராகும்.

அமிலமும் அற்ககோலும் கூடி, நீரை வெளிவிட்டு உண்டாகும் பொருளே எசுத்தர். வினாகிரிக்குப் புளிப்பூட்டும் அசற்றிக்கமிலத்துடன், சாராயம் வடிக்கையில் எஞ்சும் எண்ணெயிலிருந்து பெறப்படும் ஐசோஅமைல் அற்ககோலைச் சேர்த்து, சிறிது செறிந்த சல்பூரிக்கமிலம் விட்டுச் சூடாக்கினால் இது கிடைக்கும். மூக்கைத் துளைக்கும் நெடியும் தொண்டையை அடைக்கும் நெடியும் கூடிப் பழமணமாவது விந்தையே!

மெருகெண்ணெய்களைக் கரைக்கவும் இது உதவுகின்றது. செருமனியில் 1884 ஆம் ஆண்டு எஃப்னர்-ஆல்தெனெக் அமைத்த விளக்கில் இதுவே எரிபொருள். 40 மில்லிமீற்றர் உயரமான அதன் சுடர் பல்லாண்டுகள் அங்கு ஒளியை அளக்கும் அலகாக விளங்கிற்று.

மனிதருக்கு இனிய இம்மணம் தேனீக்களுக்கோ போர்முரசு. தேனீயின் கொடுக்கருகே இதே பொருள் சுரப்பதைக் கனடாவில் போக், சியரர், ஸ்டோன் என்னும் ஆய்வாளர் 1962 இல் கண்டறிந்தனர். மனிதரைக் கொட்டிய தேனீ கொடுக்கைத் தோலிலேயே விட்டுச் செல்கின்றது. அதிலிருந்து பரவும் மணம் ஏனைய தேனீக்களையும் அவ்விடத்தே கொட்டத் தூண்டுகின்றது. ஒரு கொட்டுப் பத்தாவது இதனாலேயே. ஆகவே கொட்டுப்பட்டவர் கொடுக்கைத் தாமதியாது அகற்றிவிட்டுக் கூட்டைவிட்டு விலகுதல் வேண்டும். தேனெடுப்போர் முன்னதாகவே புகையூட்டுவதும் வீண் வழக்கமன்று. புகைபட்ட தேனீயின் உணர்கொம்புகள் இம்மணத்தைச் சிறிது நேரம் நன்கு உணர்வதில்லை.