பழவேற்காட்டு மீனவரும் குடியிருப்பு மனையும்

இங்கிலாந்தில் 2024ஆம் ஆண்டு பதவியேற்ற தொழிற்கட்சி மந்திரிசபை, 15 லட்சம் வீடுகள் கட்டுவதாக வாக்களித்து, அவ்வாண்டு டிசம்பரிலேயே நிர்மாண விதிகளைத் திருத்தியது. அத்திருத்தத்தின் குணதோஷம் எதுவாயினும், ஒவ்வொரு ஸ்தல ஸ்தாபனமும் தன் பிரதேச ஜனங்களுக்கு இத்தனை வீடுகள் வேண்டுமென்று முதலில் கணக்குக் காட்டியாக வேண்டும். நமது கடற்கரை விதிகளும் திருத்தப்பட்டுவிட்டன, கணக்குத்தான் காணப்படவில்லை.

சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உப்பங்கழி பழவேற்காடு. கடலுக்கும் ஏரிக்கும் இடைப்பட்ட மணல்திட்டிலும், ஏரியின் கரைகளிலும் மீனவர் குப்பங்கள் இருக்கின்றன. இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலையிடலாம் என்று 'பாடு' முறையால் தண்ணீரையே தகராறின்றிப் பங்கிட்டுக்கொண்ட ஜனங்கள் இவர்கள். படகைக் கண்காணிக்கவும், வலை பழுதுபார்க்கவும், மீன் உலர்த்தவும் இவர்களுக்குக் கரையருகே வீடு அவசியம். அது சௌகரியமன்று, ஜீவனம்.

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தது. மறு ஆண்டு மார்ச்சில் சென்னை சர்க்கார் பிறப்பித்த உத்தரவு, கரையிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் போகச் சம்மதிப்போருக்குப் புதுவீடு தந்தது. பழைய இடத்திலேயே இருப்போர் தம் வீட்டைத் தாமே செப்பனிட்டுக்கொள்ளலாம், உதவி கிடையாது என்றது. கரை அபாயகரமானது என்பதே காரணம்.

2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, கிராமப்புறங்களில் அந்த 200 மீட்டருக்குள் புதிய கட்டடங்களைப் பொதுவாகத் தடுத்தது. ஆயினும் 100 மீட்டருக்கும் 200 மீட்டருக்கும் இடையே, மீனவர் முதலிய பாரம்பரிய வாசிகளுக்கு மட்டும் வீடு கட்ட இடமளித்தது. 2019 ஜனவரியில் வெளியான புதிய அறிவிக்கையோ, சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வசிக்கும் கிராமங்களில் தடை எல்லையை 50 மீட்டராகக் குறைத்தது. உப்பங்கழிக் கரைகளிலும் 100 மீட்டர் 50 ஆயிற்று.

இதனால் மீனவருக்கும் நன்மையில்லையா என்று சிலர் கேட்கலாம். உண்டு, கையில் பட்டாவும் பணமும் இருந்தால்! முன்னே மீனவருக்கென்று ஒதுக்கிய சலுகை, இப்போது ஹோட்டல் முதலாளிக்கும் பொதுவாகிவிட்டது. ஏழையும் தனவந்தனும் ஒரே ஏலத்தில் நிற்கும்போது யார் ஜெயிப்பார் என்பதற்கு ஜோசியம் வேண்டியதில்லை. மீனவனுக்கு அபாயமாயிருந்த கரை, விடுதிக்கு மட்டும் க்ஷேமமாயிற்றா?

மீன்பிடிக் கிராமங்களையும் அவற்றின் பொது இடங்களையும் வரைபடத்தில் குறிக்கவேண்டும், மீனவரின் நீண்டகால வீட்டுத் தேவைக்குத் திட்டம் வகுக்கவேண்டும் என்று 2011 அறிவிக்கையே விதித்திருக்கிறது. ஆயினும் 2023இல் தமிழ்நாட்டுக் கடற்கரையின் வரைவு வரைபடங்கள் வெளிவந்தபோது, இவை விடுபட்டிருப்பதாக மீனவர் சங்கங்கள் முறையிட்டன. வரைபடத்தில் இல்லாத கிராமம், நாளை கச்சேரியில் எந்த ஆதாரத்தைக் காட்டி வாதாடும்?

ஆகவே நாம் கோருவது இதுதான்: குப்பத்தின் எல்லை, வலை உலர்த்தும் களம், வளரும் குடும்பங்களுக்கான மனை ஆகியவற்றைக் கிராமவாசிகளைக் கூட்டிவைத்துத் தமிழிலேயே வரைபடத்தில் எழுதுக. பிறகு பிறருக்கு அனுமதி அளிப்பதைப்பற்றி யோசிக்கலாம். வரிசையை மாற்றினால், சட்டத்தின் பெயரால் ஒரு சமூகத்தைக் கரையிலிருந்து வெளியேற்றிய பழி சர்க்காரையே சாரும்.