அழைப்பவர் இல்லாத ஊர்கள்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத் தலைநகரான நாஷ்வில்லில் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 6 லட்சம் பேர் இருந்தார்கள். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. நாட்டின் மிகப் பெரிய புத்தக மொத்த விற்பனை நிறுவனமான இங்கிராம், பக்கத்தில் லவெர்ன் என்ற ஊரிலிருந்து இயங்குகிறது. 1989இல் தொடங்கிய தென்மாநிலப் புத்தக விழாவும் நாஷ்வில்லுக்கு உரியதுதான். இத்தனை இருந்தும், 2011இன் நடுப்பகுதியில் ஒரு நாவலாசிரியரை வரவழைத்து உட்காரவைத்துப் பேசச் சொல்ல நகருக்குள் ஒரு பெரிய புத்தகக் கடை இல்லை.

1980இல் தொடங்கிய டேவிஸ்-கிட் கடை 2010 இறுதியில் மூடப்பட்டது. சில மாதங்களில் பார்டர்ஸ் நிறுவனத்தின் கிளையும் போனது. நாஷ்வில்லில் இரண்டுக்குமே வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது. அவற்றுக்கு உரிமையாளரான நிறுவனங்கள்தான் வேறெங்கோ திவாலாயின. அந்த ஊரில் வாழும் நாவலாசிரியர் ஆன் பாட்செட், பதிப்பகமொன்றின் விற்பனைப் பிரதிநிதியாக இருந்த கேரன் ஹேய்ஸுடன் கூட்டுச் சேர்ந்து, 2011 நவம்பரில் சுமார் 2,500 சதுர அடியில் பர்னாசஸ் புக்ஸ் என்ற கடையைத் திறந்தார். அதன்பின் நாஷ்வில் எழுத்தாளர்கள் தவறாமல் வந்துபோகும் ஊராகிவிட்டது. அந்த ஓர் ஆண்டில் ஊரின் படிப்பறிவோ மக்கள்தொகையோ மாறிவிடவில்லை. எழுத்தாளரைக் கூப்பிட அங்கே ஒருவர் இருக்கிறாரா என்பது மட்டுமே மாறியது.

எழுத்தாளர் சில ஊர்களுக்கு மட்டும் போவது ஏன் என்ற கேள்விக்கு இந்த நாஷ்வில் கதையிலேயே பெரும்பாலான பதில் இருக்கிறது. நம் ஊரில் எழுத்தாளரைச் சந்திக்கும் இடம் புத்தகக் கண்காட்சியும் வெளியீட்டு விழாவும் இலக்கிய அமைப்புகளின் கூட்டமும்தான். அமெரிக்காவில் நடைமுறை வேறு. அங்கே புத்தகங்கள் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை வெளியாகும். அன்று தொடங்கி இரண்டு மூன்று வாரங்களுக்குப் பதிப்பகம் தன் செலவில் எழுத்தாளரை நாளுக்கு ஓர் ஊராக அனுப்பும். மாலையில் கடையில் வாசிப்பு, கேள்வி பதில், கையெழுத்து. மறுநாள் காலை விமானம்.

எந்தெந்த ஊர் என்பதைப் பதிப்பகத்தின் விளம்பரப் பிரிவு தீர்மானிக்கிறது. தீர்மானிக்கும் விதத்தைத்தான் வாசகர்கள் பொதுவாகத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். தேசப் படத்தை விரித்துவைத்து ஊர்ப் பெயர்களை யாரும் கோடிட்டு அடிப்பதில்லை. பல மாதங்களுக்கு முன்பே, இன்னார் பயணம் போகிறார் என்ற தகவல் கடைகளுக்குப் போகும். விரும்பும் கடைகள் எழுதிக் கேட்கும்: எத்தனை பேர் உட்கார இடம் உண்டு, எத்தனை பிரதி வாங்குவோம், உள்ளூர் வானொலியில் யார் பேட்டி எடுப்பார், இதே மாதிரி எழுதும் இன்னொருவர் வந்தபோது எத்தனை பேர் வந்தார்கள். இந்த விண்ணப்பங்களிலிருந்து பத்துப் பன்னிரண்டு தேர்ந்தெடுக்கப்படும். ஆகவே, விடுபட்ட ஊர்களில் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டவை அல்ல. அவற்றின் பெயர் அந்த மேசைக்கு வந்து சேரவே இல்லை.

வந்து சேர்ந்த பெயர்களும் பணக் கணக்கைத் தாண்ட வேண்டும். 28 டாலர் விலையுள்ள கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடைக்குக் கழிவு ஏறக்குறைய 46 சதவீதம் போனால் பதிப்பகத்துக்கு 15 டாலர் வரும். அதிலிருந்து ஆசிரியரின் ராயல்டி வழக்கமான 10 சதவீதப்படி 2.80 டாலர். அச்சு, காகிதம், கிடங்கு எல்லாம் இன்னும் கழியவேண்டும். மாலை நிகழ்ச்சியில் 40 பிரதி விற்றாலும் பதிப்பகத்தின் கைக்கு வருவது மொத்தம் 600 டாலர்தான். விமானம், விடுதி, சாப்பாடு, விமான நிலையத்திலிருந்து எழுத்தாளரை அழைத்துக்கொண்டு சுற்றும் உள்ளூர் உதவியாளருக்கான கூலி ஆகியவற்றை அந்தப் பணம் தாங்காது. 40 பேர் வருவதே பல புதிய எழுத்தாளர்களுக்கு நல்ல கூட்டம்.

பிறகு ஏன் அனுப்புகிறார்கள்? அன்று மாலை விற்கும் பிரதிகளுக்காக அல்ல. விற்பனை முதல் வாரத்தில் குவிந்தால் புத்தகம் விற்பனைப் பட்டியலில் ஏறும். ஏறினால் மற்றக் கடைகளும் முன்வரிசையில் வைக்கும். நியூயார்க் டைம்ஸ் பட்டியலுக்குக் கணக்குத் தரும் கடைகள் எவை என்பதை அந்த நாளிதழ் வெளியிடுவதில்லை. ஆனால் தொழிலில் ஊறிப்போன விற்பனைப் பிரதிநிதிகளுக்கு ஓர் ஊகம் உண்டு. அதைவிடப் பெரிய காரணம் கடைக்காரர். எழுத்தாளரோடு ஒரு மாலை பேசிப் பழகிய கடைக்காரர், அடுத்த ஆறு மாதம் உள்ளே வருபவர்களிடமெல்லாம் அந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுப்பார். பதிப்பகம் செலவழிப்பது அந்த ஆறு மாதத்துக்காக.

உள்ளூர் ஊடகமும் ஒரு காரணமாக இருந்தது. இப்போது அதன் பங்கு சுருங்கிவிட்டது. 2007இல் அட்லாண்டாவின் முக்கிய நாளிதழ் புத்தகப் பகுதி ஆசிரியர் என்ற பணியிடத்தையே நீக்கியபோது விமர்சகர்களும் எழுத்தாளர்களும் போராட்டம் நடத்தினார்கள். 2009இல் வாஷிங்டன் போஸ்ட் தன் தனிப் புத்தக இணைப்பை நிறுத்தியது. ஓர் ஊருக்குப் போனால் மறுநாள் காலை ஒரு முழுப் பக்கப் பேட்டி வரும் என்ற நம்பிக்கை போனபின், அந்த ஊருக்கு விமானச் சீட்டு எடுக்கக் காரணம் ஒன்று குறைந்துவிட்டது.

தொலைவுதான் தடை என்பார்கள். அதை நான் முழுதாக ஏற்கவில்லை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியைப் பாருங்கள். பெரிய பதிப்பகங்களின் மன்ஹாட்டன் அலுவலகங்களிலிருந்து சுரங்க ரயிலில் போய்விடலாம். ஏறத்தாழ 14 லட்சம் மக்கள். 2016 இறுதியில் பார்ன்ஸ் அண்ட் நோபிள் கிளை மூடப்பட்டதும், பொதுவான புத்தகக் கடை ஒன்றுகூட அங்கே மிஞ்சவில்லை. அதே மண்ணில் பிறந்த நோயல் சாண்டோஸ் இணையத்தில் மக்களிடம் பணம் திரட்டி 2019 ஏப்ரலில் த லிட் பார் என்ற கடையைத் திறக்கும்வரை இதே நிலை. டெக்சாஸின் எல்லை நகரான லரேடோவிலும் இப்படித்தான். ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் வாழ்ந்த அந்த ஊரில், 2010 ஜனவரியில் கடைசிப் புத்தகக் கடை மூடியபோது, அடுத்த கடை 240 கிலோமீட்டர் தள்ளி சான் அன்டோனியோவில் இருந்தது.

இரண்டும் வெள்ளையர் சிறுபான்மையாக வாழும் பகுதிகள் என்பதைச் சொல்லாமல் கடந்துவிட முடியாது. பதிப்பகங்கள் பழைய விற்பனைக் கணக்கைப் பார்த்தே அடுத்த முடிவை எடுக்கின்றன. கடை இல்லாத ஊரில் விற்பனைக் கணக்கு எப்படி உருவாகும்? கணக்கு இல்லையென்றால் நிகழ்ச்சி இல்லை. நிகழ்ச்சி இல்லையென்றால் கடை தொடங்க நினைப்பவருக்குத் துணிவும் இல்லை. அந்த மக்கள் படிப்பதில்லை என்ற முடிவுக்கு இந்த வட்டம் ஆதாரம்போல் தோன்றும். ஆனால் அது ஆதாரம் அல்ல, அநீதி.

மறுபக்கத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபோர்டு இருபதாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் சிறு ஊர். நாவலாசிரியர் ஃபாக்னர் வாழ்ந்த ஊர் என்ற பெருமையும் ஒரு பல்கலைக்கழகமும் அதற்கு உண்டு. ஆனால் எழுத்தாளர்கள் விடாமல் வருவது, ரிச்சர்ட் ஹோவர்த் 1979இல் தொடங்கிய ஸ்கொயர் புக்ஸ் கடையால். ஆர்கன்சாவின் பிளைத்வில் அதைவிடச் சிறியது, அதைவிட ஏழ்மையானது. பருத்தி விளையும் அந்த ஊரில் மேரி கே ஷிப்லி என்ற பெண்மணி நடத்திய கடை, ஜான் கிரிஷமின் முதல் நாவல் 1989இல் 5,000 பிரதி மட்டுமே அச்சான காலத்தில் அவரை அழைத்துக் கூட்டம் நடத்தியது. பிறகு கிரிஷம் உலகெங்கும் விற்கும் எழுத்தாளரானார். நீண்ட பயணங்களைக் கைவிட்டார். ஆனாலும் தொடக்கத்தில் தன்னை வரவேற்ற சில தென்மாநிலக் கடைகளுக்கு மட்டும் பல ஆண்டுகள் ஒவ்வொரு புது நாவலோடும் போனார். அவற்றில் பிளைத்வில்லும் ஒன்று. சிகாகோவுக்கும் பாஸ்டனுக்கும் கிடைக்காத மாலைகள் அந்தச் சிற்றூருக்குக் கிடைத்தன.

சிகாகோவுக்கு இது புதிய அனுபவம் அல்ல. சார்லஸ் டிக்கன்ஸ் 1867 டிசம்பர் முதல் 1868 ஏப்ரல் வரை அமெரிக்காவில் 76 வாசிப்பு நிகழ்ச்சிகள் நடத்தினார். பாஸ்டன், நியூயார்க், வாஷிங்டன், பஃபலோ என்று போனவர் சிகாகோவுக்குப் போகவில்லை. விடாத சளி, நீண்ட ரயில் பயணம், கிழக்கு நகரங்களிலேயே நிரம்பி வழிந்த அரங்குகள் ஆகியவை காரணங்கள். ஊர்க்காரர்களோ வேறு காரணம் சொன்னார்கள். 1866இல் சிகாகோவில் இறந்துபோன தம்பி அகஸ்டஸின் குடும்பத்தை எதிர்கொள்ள மனமில்லாமல் ஒதுங்கினார் என்று உள்ளூர் ஏடுகள் குற்றம் சாட்டின. விடுபட்ட ஊருக்கு வரும் கோபம் அன்றும் இன்றும் ஒரே வகைதான்: கணக்குப் பார்த்து எடுத்த முடிவை அவமதிப்பாக எடுத்துக்கொள்வது.

2020இல் கொரோனா வந்தபோது நிகழ்ச்சிகள் எல்லாம் ஜூமுக்கு மாறின. லரேடோவில் இருப்பவரும் நியூயார்க் எழுத்தாளரைக் கேட்க முடிந்தது. அது நல்லதே. ஆனால் திரையில் பார்த்தவர்கள் கையெழுத்துக்கு வரிசையில் நிற்கவில்லை, கடைக்குள் புதிதாக யாரும் நுழையவில்லை. எனவே நேரில் அனுப்பும் வழக்கம் திரும்பியது. ஆனால் ஊர்களின் எண்ணிக்கை குறைவாகவே இருக்கிறது. இடம் பிடிக்கக் கடைகள் இப்போது நுழைவுச்சீட்டு முறையைக் கையாள்கின்றன: சீட்டின் விலையிலேயே புத்தகமும் அடங்கும். இருநூறு சீட்டு விற்றால் இருநூறு பிரதி உறுதி என்பதால், விண்ணப்பத்தில் அந்த எண்ணுக்கு மதிப்பு அதிகம்.

கடை இல்லாத ஊருக்கு வழி நூலகம்தான். நாஷ்வில் பொது நூலகமும் கலை, இலக்கிய, வரலாற்றுத் துறைகளுக்கான டென்னசி மாநில அமைப்பும் சேர்ந்து நடத்திய எழுத்தாளர் சந்திப்புகளில் பர்னாசஸும் பின்னர் பங்குதாரரானது. மண்டபமும் கூட்டமும் நூலகத்தின் பொறுப்பு. பிரதிகளைக் கொண்டுவந்து விற்பது கடையின் வேலை. உள்ளூரில் கடை இல்லையென்றால் அடுத்த ஊர்க் கடைக்காரர் பெட்டிகளோடு வருவார். கடிதம் மட்டும் காலத்தோடு போக வேண்டும்: புத்தகம் வெளிவர ஐந்தாறு மாதம் இருக்கும்போதே, எத்தனை நாற்காலி, எத்தனை பிரதி, விற்பவர் யார் என்ற மூன்றையும் எழுதி, பதிப்பகத்தின் விளம்பரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும்.