பலர்க்கு ஒருபெயர்: திரை, விளையாட்டுத் துறைகளில் அடைமொழியின் பணி

ஆய்வுச் சுருக்கம்

ஒரே இயற்பெயரைத் தாங்கிய பலர் ஒரு காலத்தில் ஒரு துறையில் விளங்கும்போது, தமிழ் வழக்கு இயற்பெயருக்கு முன் ஓர் அடையை நிறுத்தி அவர்களைப் பிரித்துக் காட்டுகிறது. சங்கத் தொகை நூல்களில் நிலைபெற்ற இவ்வழக்கு இருபதாம் நூற்றாண்டுத் திரையுலகில் மீண்டும் தழைத்தது. விளையாட்டுத் துறையில் அவ்விடத்தைத் தலைப்பெழுத்தும் தந்தை பெயரும் பிடித்துக்கொண்டன. அடை நீங்கும்போது ஒருவர் செயல் மற்றொருவர் கணக்கில் சேரும் இடரை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இயற்பெயர், அடைமொழி, தலைப்பெழுத்து, பெயரடைவு, சிறப்புப்பெயர்

முன்னுரை

திருவள்ளூரை அடுத்துச் செவ்வாப்பேட்டை என்றோர் ஊர் உள்ளது. சேலம் நகரினுள் செவ்வாய்ப்பேட்டை என்றொரு வணிகப் பகுதி உள்ளது. யகர மெய் கூடியும் குறைந்தும் எழுதப்படுவதால் எழுத்தை மட்டும் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. திருவள்ளூர்ப் பக்கத்து ஊரின் புகைவண்டி நிலையப் பெயரோடு ‘ரோடு’ என்னும் சொல் சேர்ந்துள்ளது. மற்ற இடங்களில் மாவட்டப் பெயரே மயக்கம் தீர்க்கிறது. ஊர் இடம்பெயர்வதில்லை, எனவே மாவட்டப் பெயர் போதும். மக்கட்பெயரில் இச்சிக்கல் இவ்வளவு எளிதில் தீர்வதில்லை.

‘தங்கப்பதக்கம்’ (1974) படத்தில் ஸ்ரீகாந்த் மகனாக நடித்தார். 1983 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஸ்ரீகாந்த் 38 ஓட்டங்கள் எடுத்தார். 2018இல் ஸ்ரீகாந்த் உலக இறகுப்பந்துத் தரவரிசையில் முதலிடம் பெற்றார். மூன்று தொடர்களும் உண்மை. மூன்றின் எழுவாயும் வெவ்வேறு மனிதர். இவர்களோடு ‘ரோஜாக்கூட்டம்’ (2002) படத்தில் அறிமுகமான நடிகரையும் சேர்த்தால் நால்வர். ஒரு தலைமுறைக்கு முன் நாளிதழ் வாசகர் எந்தப் பக்கத்தில் செய்தி வந்தது என்பதைக் கொண்டே ஆளை அறிந்தார். பக்கம் என்பதே இல்லாத எண்ணிமத் தேடலில் அந்தத் துணை கிடைப்பதில்லை.

தொகை நூல்களின் முறை

சிறப்பினால் வரும் பெயரும் இயற்பெயரும் ஒருவரைக் குறித்து ஒருங்கு வருமிடத்து இயற்பெயரை முன்னர்க் கூறலாகாது என்பது தொல்காப்பியக் கிளவியாக்கம் கூறும் விதி. ஏனாதி, காவிதி முதலாக அரசர் வழங்கிய வரிசைப் பெயர்கள் இயற்பெயருக்கு முன் நிற்பதை இவ்விதி தழுவும். விதி சொல்வது வரிசையை மட்டுமே. அவ்வரிசையில் முன்னிற்கும் சொல் மதிப்புரைப்பதோடு ஆளையும் பிரித்துக்காட்டும் என்பதைத் தொகை நூல்களின் பெயர் வழக்கிலிருந்தே அறியவேண்டியுள்ளது.

கடுங்கோ என்னும் பெயருடைய சேரர் இருவருள் ஒருவர் பாலை பாடிய பெருங்கடுங்கோ, மற்றவர் மருதம் பாடிய இளங்கடுங்கோ. இங்கு இரட்டைப் பாதுகாப்பு உள்ளது: பெருமை, இளமை என்னும் அடைகள் ஒருபுறம், பாடிய திணை மறுபுறம். நெடுஞ்செழியர் இருவரை ஆரியப்படை கடந்தமையும் தலையாலங்கானத்துச் செருவென்றமையும் பிரிக்கின்றன. காக்கைபாடினியார் நச்செள்ளையார், வெறிபாடிய காமக்கண்ணியார் என்போர் தாம் பாடிய பொருளால் அடை பெற்றனர். நக்கீரர் மதுரைக் கணக்காயனார் மகனார் எனப்படுவதில் ஊரும் தந்தையும் அடையாயின. இன்றைய இரண்டு தலைப்பெழுத்துகளின் முழுவடிவம் இது என்று கொள்வதில் தவறில்லை.

அடை இல்லாதவிடத்து என்ன நேரும் என்பதற்கு அவ்வையார் சான்று. அதியமானைப் பாடிய சங்கப் புலவரும் ஆத்திசூடி இயற்றிய பிற்காலத்தவரும் ஒருவரல்லர் என்பது ஆய்வுலகம் ஏற்ற முடிபு. ஆயினும் மக்கள் நினைவில் அவர் ஒரே மூதாட்டி. கே.பி. சுந்தராம்பாள் நடித்து ஜெமினி நிறுவனம் 1953இல் வெளியிட்ட ‘அவ்வையார்’ திரைப்படம் அந்த ஒருமையை மேலும் உறுதிப்படுத்தியது. பெயர் ஒன்றானால் வாழ்க்கையும் ஒன்றாகிவிடுகிறது.

திரையுலகம்: அடை பெற்றோரும் பெறாதோரும்

‘பாசமலர்’ (1961) படத்தின் முதன்மை நடிகர் இருவரும் கணேசன் என்னும் இயற்பெயரினர். வி.சி. கணேசன் மேடையில் ஏற்ற மராட்டிய மன்னர் வேடத்தால், பெரியார் வாயிலாகச் சிவாஜி என்னும் அடை பெற்றார், ஆர். கணேசன் தாம் முன்பு பணியாற்றிய படப்பிடிப்பு நிலையத்தின் பெயரால் ஜெமினி ஆனார். ஒன்று செய்த தொழிலின் அடை. மற்றது இருந்த இடத்தின் அடை. தொகை நூல்களின் இரு வகைகளும் ஒரே விளம்பரத் தாளில் அருகருகே நின்றன. கோபு என்னும் பெயரினர் இருவருள் நடிகர் மேடை வேடத்தால் ‘டைப்பிஸ்ட்’ எனவும், எழுத்தாளர் இயக்குநர் ஸ்ரீதரின் நிறுவனத்தால் ‘சித்ராலயா’ எனவும் வழங்கப்பட்டதும் இவ்வாறே.

ஜானகி என்னும் பெயர் இன்னும் நெருக்கமான சிக்கல். பின்னணிப் பாடகி எஸ். ஜானகி, நடிகை சௌகார் ஜானகி, நடிகையாகப் புகழ்பெற்று 1988 ஜனவரியில் குறுகிய காலம் முதலமைச்சராக இருந்த வி.என். ஜானகி ஆகிய மூவரும் ஒரே துறையினர். நடுவிலுள்ளவருக்கு அடை தந்தது ‘ஷாவுகாரு’ (1950) என்னும் தெலுங்குப் படம். வணிகனைக் குறிக்கும் ஆண்பாற் சொல் ஒரு பெண்ணின் பெயர்முன் அமர்ந்து, பொருள் மறைந்து, அடையாளமாக மட்டுமே எஞ்சிவிட்டது. காரணப்பெயர் இடுகுறியாக மாறும் நிகழ்வை நன்னூல் கற்கும் மாணவர்க்கு விளக்க இதனினும் நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

இவற்றுள் மிகவும் சிந்திக்கத்தக்கது ‘வெண்ணிற ஆடை’ (1965). ஸ்ரீதர் இயக்கிய அப்படம் தமிழ்த் திரைக்கு ஜெயலலிதா, ஸ்ரீகாந்த், நிர்மலா, மூர்த்தி முதலியோரை அளித்தது. நிர்மலாவும் மூர்த்தியும் படப்பெயரை வாழ்நாள் அடையாகப் பெற்றனர். மற்ற இருவரும் பெறவில்லை. ‘வெண்ணிற ஆடை மூர்த்தி’ என்பது ‘வெண்ணிற ஆடையில் நடித்த மூர்த்தி’ என விரியும். உருபும் பொருளும் உடன்தொக்க தொகை. தொகை விரியும் முறை நால்வர்க்கும் ஒன்றே. தேவைதான் வேறு. மூர்த்தி என்னும் பெயர் மிகப் பரவலானது. ஜெயலலிதா என்பது திரையில் அப்போது ஒருவரே. அடை புகழுக்குச் சூட்டும் அணி என்று கருதுவோர் இந்நால்வரையும் நோக்க வேண்டும்: அடை இயற்பெயரின் பொதுமையைப் பின்பற்றியதேயன்றி நடிகரின் உயரத்தைப் பின்பற்றவில்லை.

ஸ்ரீகாந்துக்கு அன்று அடை தேவைப்படவில்லை. கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் 1981இல் இந்திய அணியில் இடம்பெற்றதும் நிலை மாறத் தொடங்கியது. 2002க்குப் பின் திரையுலகுக்குள்ளேயே இன்னொருவர் வந்தார். ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ (1977), ‘பைரவி’ (1978) ஆகிய படங்களின் நடிகர் அதன்பின் ‘பழைய’ என்னும் அடையோடு சுட்டப்படலானார். தொடக்கத்தில் பெற்ற அடை செயலைச் சொல்லும். பிற்பட்டுச் சேர்ந்த அடை காலத்தை மட்டுமே சொல்கிறது. வெண்ணிற ஆடை ஸ்ரீகாந்த் என்று வழங்கியிருப்பின் இந்த இழப்பு நேர்ந்திராது.

தலைப்பெழுத்தின் மயக்கம்

விளையாட்டுத் துறை செயலடையை ஏற்கவில்லை. ஆட்டப் பட்டியல் ஒவ்வொரு நாளும் மாறுவது. நேற்றைய வெற்றியைப் பெயரோடு சுமந்து திரிய அதில் இடமில்லை. கிரிக்கெட் பட்டியல் ஆங்கிலேயர் வழியே தலைப்பெழுத்தைப் பெற்றது. இங்கிலாந்தில் அத்தலைப்பெழுத்துக்கும் ஒரு காலத்தில் சாதிப்பாங்கு இருந்தது: ஊதியமின்றி ஆடும் கனவான்களுக்குப் பெயர்முன்னும், கூலிபெறும் ஆட்டக்காரர்க்குப் பெயர்ப்பின்னும் எழுத்துகள் அச்சிடப்பட்டன. 1962இல் அப்பாகுபாடு ஒழிக்கப்பட்டது.

தமிழ் வழக்கில் தலைப்பெழுத்து எதைக் குறிக்கிறது என்பதில் ஒருமையில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமியின் எழுத்துகள் மதுரையையும் தாயார் சண்முகவடிவையும் குறிப்பன. எம்.எஸ். விசுவநாதனின் எழுத்துகள் மனையங்கத்து என்னும் வீட்டுப்பெயரையும் தந்தை சுப்பிரமணியனையும் குறிப்பன. எம்.எஸ். தோனியிடத்தோ அவை மகேந்திர சிங் என்னும் அவருடைய சொந்தப் பெயரே. ஊரும் தாயும், வீடும் தந்தையும், தானும் என மூன்று முறைகள் இரண்டு எழுத்துகளில் ஒளிந்துள்ளன. சந்திரசேகர் என்னும் கிரிக்கெட் வீரர் இருவரை, கர்நாடகத்தின் சுழற்பந்து வீச்சாளர் பி.எஸ். எனவும் தமிழகத்தின் தொடக்க ஆட்டக்காரர் வி.பி. எனவும், எழுத்துகள் செம்மையாகப் பிரித்துவிட்டன என்பதும் உண்மை. எழுத்து பிரிக்கும், விளக்காது.

தலைப்பெழுத்தை விரித்தெழுதும் பன்னாட்டு வழக்கு புதிய மயக்கம் ஒன்றைக் கொணர்ந்தது. விசுவநாதன் ஆனந்த் என்பதில் முதற்சொல் தந்தையின் பெயர். மேலைநாட்டு இதழ்கள் அதனைச் சுருக்கி ‘விஷி’ என்றன. ஜி.ஆர். விசுவநாத்தையும் கிரிக்கெட் உலகம் ‘விஷி’ என்றே அழைத்தது. அவர்க்கு அது சொந்தப் பெயரின் சுருக்கம். ஒரே செல்லப்பெயர் ஒருவரிடத்தில் தந்தையையும் மற்றவரிடத்தில் மகனையும் சுட்டுகிறது. ரவிச்சந்திரன் அஸ்வினை இறுதிச்சொல் முன்வரும்படி அடைவு செய்வோர் அஸ்வினின் கீழும், முதற்சொல்லால் அடைவு செய்வோர் ரவிச்சந்திரனின் கீழும் வைப்பர். பின்னதில் அவர் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) நடிகர் ரவிச்சந்திரனுக்கு அடுத்த வரியில் அமர்வார். 537 டெஸ்ட் விக்கெட்டுகள் தந்தையின் பெயரின் கீழ்ப் பதிவாகும்.

பிரேசில் காற்பந்து இதே சிக்கலைத் தமிழுக்கு நெருக்கமான வழியில் தீர்த்தது. 1994 உலகக் கோப்பை அணியில் ரொனால்டோ என்னும் பெயரினர் இருவர் இருந்தமையால் மூத்தவர் ‘பெரிய’ என்னும் பொருள்தரும் விகுதியோடு ரொனால்டாவ் ஆனார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் வேறொரு மூத்த ரொனால்டோ இருந்தமையால், பின்னர் உலகப் புகழ்பெற்ற இளையவரின் சட்டையில் ‘சிறிய’ எனப் பொருள்படும் ரொனால்டினோ என்று பொறிக்கப்பட்டது. பிற்காலத்தில் இன்னொரு ரொனால்டினோ தோன்றவே அவருக்குத் தென்மாநிலத்தவர் எனப் பொருள்தரும் ‘காவுச்சோ’ சேர்ந்தது. பெருங்கடுங்கோவையும் இளங்கடுங்கோவையும் பயின்ற தமிழ் மாணவர்க்கு இதில் வியப்பில்லை.

அடை நீங்குதலும் பதிவும்

அடை நிலையானதன்று. ‘ஜெயம்’ (2003) படத்தால் இயக்குநர் ராஜாவும் அவர் தம்பியாகிய நடிகர் ரவியும் ஒரே அடை பெற்றனர். ‘நிழல்கள்’ (1980) ரவி ஏற்கெனவே இருந்தமையால் தம்பிக்கு அது இன்றியமையாததும் ஆயிற்று. பின்னர் அண்ணன் தந்தை பெயரை முன்னிறுத்தி மோகன் ராஜா ஆனார். 2025 ஜனவரியில் தம்பி தம்மை ரவி மோகன் என அழைக்குமாறு அறிவித்தார். உடன்பிறந்தார் இருவர், தந்தை பெயர் ஒன்றே, அது ஒருவரிடத்தில் முன்னும் ஒருவரிடத்தில் பின்னும் நிற்கிறது. ஆராய்ச்சி அடைவில் இருவரையும் ஒரே முறையில் பதிவு செய்தால் ஒருவர் பெயர் தலைகீழாகிவிடும்.

அமெரிக்கத் திரை நடிகர் சங்கம் ஒரே பெயரில் இருவரைப் பதிவதில்லை. மைக்கேல் டக்ளஸ் என்னும் பெயர் முன்பே பதிவாகியிருந்தமையால் அதே பெயருடைய மற்றொருவர் மைக்கேல் கீட்டன் ஆனார். அங்கே இயற்பெயர் பலியாகிறது. தமிழில் இயற்பெயர் நிலைத்து அடை வளர்கிறது. ஆதலால் தமிழ்த் திரை, விளையாட்டு அடைவுகளில் அடையை ‘பட்டம்’ எனத் தள்ளிவிடுவது பெயரின் பாதியைத் தள்ளுவதாகும். படத்தின் பெயர்ப்பட்டியலில் உள்ளவாறே பெயரைப் பதிந்து, அது வழங்கிய காலத்தைச் சேர்த்து, பிற வடிவங்களிலிருந்து நோக்கீடு தருவதே தக்கது. ஸ்ரீகாந்த், சிறீகாந்த் என எழுத்து வேறுபடும் வடிவங்களையும் அவ்வாறே இணைக்க வேண்டும். இல்லையெனில் நால்வரை ஒருவராக்கும் பிழையோடு ஒருவரை இருவராக்கும் பிழையும் சேரும். கிரிக்கெட் வீரர் ஆங்கிலத்தில் தம் பெயரில் ககர ஒலிக்கு இரண்டு எழுத்துகள் இடுவது வழக்கம்; தமிழில் எழுதும்போது அவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது.

மொழி எல்லையைக் கடக்கும்போதும் நோக்கீடு தேவை. தெலுங்குத் திரையில் ஸ்ரீகாந்த் என்னும் நடிகர் முன்பே புகழ்பெற்றிருந்தார். ‘ரோஜாக்கூட்டம்’ நடிகர் அங்கு ஸ்ரீராம் என்னும் பெயரில் வழங்கலானார். அப்பெயரை மட்டும் தமிழ் அடைவில் தேடுவோர் முதலில் காண்பது ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராமை, அடுத்துப் பாடகர் சித் ஸ்ரீராமை.