பால் குறையும் மாதங்களில் செடிக்குத் தண்ணீர்



தைப்பூசம் முடிந்த கையோடு ரப்பர் மரங்களைக் கவனித்திருப்பீர்கள். இலைகள் பழுத்துக் கொட்டத் தொடங்கும். இடத்துக்கு இடம் சற்று முன்பின்னாக, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மரங்கள் மொட்டையாக நிற்கும். பிறகு செந்தளிர் விடும். குளிர் நாட்டில் பனி விலகியபின் வசந்தம் வருகிறது. நமக்கோ அது வெயிலின் நடுவே வருகிறது.

தளிர் முற்றும் வரை மரத்தில் பால் குறையும். பால் குறைந்தால் மரம் வெட்டுகிறவர் வீட்டில் வருமானமும் குறையும். கை கடிக்கிற அந்த நாட்களில்தான் கொல்லையில் உள்ள கத்தரியும் வெண்டையும் பயற்றங்கொடியும் நமக்குத் துணை நிற்க வேண்டும். ஆனால் பல வீடுகளில் அவையும் அதே நாட்களில்தான் கருகிப் போகின்றன. காரணம் என்ன? காலம் மாறிவிட்டது, நாம் தண்ணீர் ஊற்றும் முறை மாறவில்லை. அதை எப்படி மாற்றுவது என்பதே இன்றைய பேச்சு.

தீபகற்பத்தின் மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பரில் நல்ல மழை. பிறகு மழை தளர்ந்துவிடுகிறது. கெடா, பெர்லிஸ் போன்ற வடபகுதிகளில் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் மிகவும் வறண்டவை. மார்ச் இறுதியில் சூரியன் ஏறக்குறைய நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. 1998-ஆம் ஆண்டு ஏப்ரலில் பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் வெப்பம் 40.1 டிகிரி செல்சியஸை எட்டியது. 2014-இன் தொடக்கத்தில் சிலாங்கூரில் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே தண்ணீர் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் அது நமக்குக் குறைவாகக் கிடைக்கிறது.

ஒருமுறை என் மாணவனின் தாயார் வந்து, "வாத்தியார் ஐயா, தினமும் சாயங்காலம் தண்ணி ஊத்தத்தான் செய்றேன். கத்தரிச் செடி தலை சாய்ஞ்சுடுதே!" என்று வருந்தினார். நான் போய்ப் பார்த்தேன். மண் ஈரமாகத்தான் தெரிந்தது. ஒரு கத்தியால் கீறிப் பார்த்தோம். மேலே அரை விரல் ஆழம் ஈரம். அதற்குக் கீழே புழுதி! "ஊத்துன தண்ணி எங்கேயா போச்சு?" என்றார். "வெயில் குடித்துவிட்டது அம்மா, வேருக்குப் போய்ச் சேரவில்லை" என்றேன்.

தினமும் ஒரு குவளை தெளித்தால் மேல் மண் மட்டுமே நனைகிறது. வேரும் ஈரத்தைத் தேடி மேலேயே நின்றுவிடும். ஒரு நாள் தவறினாலும் செடி துவண்டுவிடும். அதே தண்ணீரைச் சேர்த்து வைத்து இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை நிறைய ஊற்றினால், ஈரம் ஆழத்தில் இறங்கும். வேரும் கீழே இறங்கும். நாற்றுக்கும் சிறு கீரைக்கும் மட்டும் தினமும் கொஞ்சம் தேவை. அவற்றின் வேர் ஆழமில்லை.

எவ்வளவு ஊற்றுவது? நல்ல வெயில் நாளில் ஒரு சதுர மீட்டர் பாத்தியிலிருந்து நான்கு முதல் ஐந்து லிட்டர் வரை ஆவியாகப் போகும். மூன்றடி அகலம், பத்தடி நீளமுள்ள பாத்தி ஏறக்குறைய மூன்று சதுர மீட்டர். மூன்று நாளுக்கு ஒரு முறை ஊற்றினால் பத்து லிட்டர் வாளியில் நான்கு வாளி வேண்டும். இது ஒரு கணக்குத்தான். முடிவாகச் சொல்ல வேண்டியது மண். ஆள்காட்டி விரலை மண்ணில் நுழையுங்கள். நுனியில் ஈரம் தட்டினால் இன்று ஊற்ற வேண்டாம்.

உச்சி வெயிலில் இலை தொங்கினால் பதற வேண்டாம், மாலையில் நிமிர்ந்துவிடும். காலையிலும் தொங்கினால் விரலால் பாருங்கள். மண் காய்ந்திருந்தால் தாகம். மண் ஈரமாக இருந்தும் வாடினால் வேர் அழுகலோ வாடல் நோயோ இருக்கலாம். மேலும் தண்ணீர் ஊற்றுவது அதற்கு மருந்தல்ல. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சுதானே!

காலையில் ஊற்றுவது சிறந்தது. விடியுமுன் வேலைக்குப் போகிறவர்கள் வெயில் தணிந்தபின் ஊற்றலாம். ஆனால் இலைமேல் வேண்டாம், அடியில் ஊற்றுங்கள். இரவு முழுதும் இலை நனைந்திருந்தால் பூஞ்சைநோய் எளிதில் பற்றும்.

மழைக்காலத்தில் நீர் வடியப் பாத்திகளுக்கிடையே கால் வெட்டியிருப்பீர்கள். மழை நின்றதும் அதன் வாயை ஒரு மண்கட்டியால் அடைத்துவிடுங்கள். மண் ஈரமாக இருக்கும்போதே காய்ந்த புல்லையோ சருகையோ நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் வேண்டாம். இதனை மூடாக்கு என்பார்கள். பூத்த லாலாங் புல்லைப் போட்டால் விதை முளைத்துத் தொல்லை தரும். களைக்கொல்லி அடித்த புல்லையும் தொடாதீர்கள்.

தண்ணீர் போதாவிட்டால் நாற்றுக்கும், பூவும் பிஞ்சுமாக உள்ள செடிக்கும் முதலில் கொடுங்கள். இவை தாகப்பட்டால் பூவும் பிஞ்சும் உதிரும். நன்றாக வேர்விட்ட முருங்கையும் கறிவேப்பிலையும் சில நாள் பொறுக்கும். அரிசியும் காய்கறியும் கழுவிய நீரைக் கொட்டாமல் செடிக்கு விடுங்கள்.

தாய்மார்களே, இரண்டு எச்சரிக்கைகள். பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ வந்த கலனை, எத்தனை முறை கழுவியிருந்தாலும், தண்ணீருக்கு எடுக்கக் கூடாது. அடுத்து, சேமித்து வைத்த தண்ணீரில் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஏழு முதல் பத்து நாளில் அது கொசுவாகப் பறந்துவிடும். டிரம்மை இறுக மூடுங்கள். வாரம் ஒரு முறை காலி செய்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைகள் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் பல மாதம் சாகாமல் கிடக்கும்.

ஏப்ரலில் மாலை மழை திரும்பும். முதல் மழையை நம்பி வாளியைக் கவிழ்த்துவிடாதீர்கள். வாய் அகன்ற ஒரு நேரான பால் டின்னைப் பாத்தியருகில் வையுங்கள். மழை நின்றதும் பிள்ளைகளிடம் அடிக்கோலைக் கொடுத்து நீரின் உயரத்தை அளக்கச் சொல்லுங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். ஐந்து மில்லிமீட்டர் இருந்தால் ஒரு நாள் செலவு வந்துவிட்டது. பதினைந்து இருந்தால் மூன்று நாளைக்கு வாளிக்கு ஓய்வு. அளந்தபின் டின்னைக் கவிழ்த்து வைக்க மறக்க வேண்டாம். மழை நிலைத்தபின் கால்வாயை மீண்டும் திறந்துவிட்டு, மூடாக்கையும் தண்டைவிட்டு இன்னும் சற்று விலக்கிவிடுங்கள்.

வெயிலுக்குத் தகுந்தபடி ரப்பர் மரமே இலையை உதிர்த்துத் தன் தண்ணீர்ச் செலவைக் குறைத்துக்கொள்கிறது. கத்தரிச் செடிக்கு அந்த வழி இல்லை. அதற்காக நாம்தான் மாறிக்கொள்ள வேண்டும். நாளைக் காலை வாளியை எடுக்குமுன், ஒரு விரலை மண்ணில் வைத்துப் பாருங்கள்.