கண்ணுக்குத் தெரியும் நோய்கள்

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவு முகப்பருவுக்கும் முடி உதிர்வுக்கும் களிம்பு எழுதித் தரும் இடம் மட்டுமல்ல. இந்தியாவில் இந்தத் துறையின் மூன்றாண்டு எம்.டி. படிப்பு தோல், பால்வினை நோய், தொழுநோய் மூன்றையும் சேர்த்தே கற்பிக்கிறது. அதனால் ஒரே ஓ.பி. வரிசையில் படர்தாமரையோடு கல்லூரி மாணவரும், மரத்துப்போன தேமலோடு விவசாயியும், சிமென்ட் பட்டுக் கை வெடித்த கொத்தனாரும் நிற்பார்கள்.

வெளியே தெரிகிற நோயைக் கண்டுபிடிப்பது சுலபம் என்று தோன்றும். ஆனால் தோல் நோய்களில் ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும். சிவந்து, செதில் உதிரும் வட்டத் திட்டு பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். எக்ஸிமாவாகவோ சொரியாசிஸாகவோ இருக்கலாம். சில சமயம் தொழுநோயாகவும் இருக்கலாம். எக்ஸிமாவை அடக்கும் ஸ்டீராய்டு, பூஞ்சையைச் செழிக்க வைக்கும். ஆகவே பார்வை மட்டும் போதாது.

பூஞ்சை என்று சந்தேகம் வந்தால் திட்டின் விளிம்பைச் சுரண்டி, உதிர்ந்த செதிலின் மேல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஒரு சொட்டு விடுகிறார்கள். தோல் செல்கள் கரைந்து தெளிந்ததும் நுண்ணோக்கியில் பூஞ்சை இழைகள் கிளைவிட்டுத் தெரியும். அதிக நேரமும் ஆகாது, பெரிய செலவும் இல்லை.

இந்தச் சோதனைக்கு வருவதற்குள் பெரும்பாலோர் மெடிக்கல் ஷாப்பில் ஏதாவது ஒரு களிம்பை வாங்கிப் பூசியிருப்பார்கள். அப்படி விற்கும் களிம்புகள் பலவற்றில் பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாடிக், க்ளோபெட்டசால் போன்ற வலுவான ஸ்டீராய்டு என மூன்றும் கலந்திருக்கும். ஓரிரு நாளில் அரிப்பு அடங்கும். நிறுத்தினால் முன்னைவிட அகலமாகத் திரும்பி வரும். விளிம்பு கலைந்து வட்ட வடிவமே மாறிவிடுவதால் அனுபவமுள்ள மருத்துவரும் தடுமாறுவார். தொடையிடுக்கில் மாதக்கணக்கில் பூசியவர்களுக்குத் தோல் மெலிந்து கோடு கோடாக வரிகள் விழுகின்றன. அவை முழுதாக மறைவதில்லை. 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. ஆனாலும் கேட்டால் கிடைக்கத்தான் செய்கிறது. போதாக்குறைக்கு, டெர்பினாஃபின் மருந்துக்கு அடங்காத பூஞ்சை வகையும் நாட்டில் பரவியிருக்கிறது. முன்பு சில வாரங்களில் ஆறிய படர்தாமரைக்கு இப்போது மாதக்கணக்கில் மருந்து வேண்டியிருப்பதும், வீட்டில் மற்றவர்களையும் சேர்த்துச் சோதிக்க வேண்டியிருப்பதும் இதனால்தான்.

ஒவ்வாமையை உறுதிசெய்வது வேறு வகையான வேலை. சந்தேகப்படும் பொருள்களைச் சிறு சிறு பட்டைகளில் வைத்து நோயாளியின் முதுகில் ஒட்டுவார்கள். 48 மணி நேரம் கழித்துப் பிரித்துப் பார்த்து, ஓரிரு நாள் விட்டு மறுபடியும் பார்ப்பார்கள். கொத்தனாரின் கைக்குக் காரணம் சிமென்ட்டிலுள்ள குரோமேட் உப்பு என்றும், தலைச்சாயம் பூசியவரின் முகம் வீங்கியதற்குக் காரணம் பாராஃபினிலின்டையமின் என்றும் தெரிவது இப்படித்தான். தொழிலையே விடச் சொல்ல முடியாது. கையுறையும் களிம்பும் எழுதித் தருவதோடு மருத்துவம் நின்றுவிடுகிறது.

கொப்புள நோய்களுக்குத் தோலையே சிறிது வெட்டியெடுத்துப் பார்க்க வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டு, 3 அல்லது 4 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டக் கத்தியால் எடுக்கிறார்கள். பெம்பிகஸ் நோயில் உடலின் எதிர்ப்பொருள்களே தோல் செல்களை ஒட்டவைத்திருக்கும் பிணைப்பைத் தாக்கும். ஒளிரும் சாயமிட்டால் அவை செல்களைச் சுற்றி வலைபோலத் தெரியும். வாய்ப்புண்ணாகத் தொடங்குவதால் பலர் முதலில் பல் மருத்துவரிடம் போய்விடுகிறார்கள். மாதம் ஒருமுறை ஸ்டீராய்டை அதிக அளவில் சிரைவழி ஏற்றும் முறையை 1980களில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் ஜே.எஸ். பஸ்ரிச்சா இந்நோய்க்குக் கொண்டுவந்தார். அது இந்தியாவெங்கும் பரவியது. இப்போது ரிட்டுக்சிமாப் ஊசியும் சேர்ந்திருக்கிறது.

தொழுநோய்க்கு முதல் சோதனை விரலும் பேனா முனையும்தான். தேமலில் தொட்டால் தெரிகிறதா, முழங்கை நரம்பு தடித்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். உலக சுகாதார அமைப்பு 1982இல் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகவே கிடைக்கிறது. நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம் சாப்பிட்டால் கிருமி ஒழிந்துவிடும். செத்துப்போன நரம்பு மீளாது என்பதால் சீக்கிரம் வருவது முக்கியம். பால்வினை நோய்ப் பகுதியில் மருந்துக்கு ஈடாக ரகசியம் காப்பதும் முக்கியம். துணையையும் அழைத்துச் சோதிக்காவிட்டால் தொற்று திரும்பிவிடும்.

வெண்புள்ளிக்கும் சொரியாசிஸுக்கும் 311 நானோமீட்டர் புறஊதா ஒளி உதவுகிறது. வாரம் இரண்டு மூன்று தடவை, பல மாதம் வர வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர்கள் இதைப் பாதியில் விட்டுவிடுவதில் ஆச்சரியம் இல்லை.

பிரிவின் வார்டில் மிக அவசரமாகச் சேர்க்கப்படுவது மருந்து ஒவ்வாமையால் தோல் உரிந்தவர்கள். வலிப்பு மாத்திரையான கார்பமசெபின், யூரிக் அமிலத்துக்கான அலோபூரினால், சில சல்ஃபா மருந்துகள் வழக்கமான காரணங்கள். உடற்பரப்பில் 30 சதவீதத்துக்கு மேல் உரிந்தால் உயிருக்கே ஆபத்து. தீக்காய நோயாளியைப் போலவே நீரிழப்பையும் கிருமித் தொற்றையும் கவனிப்பார்கள், கண் மருத்துவரும் உடன் வருவார். காரணமான மருந்தை உடனே நிறுத்துவதுதான் முதல் சிகிச்சை. வீட்டுக்கு அனுப்பும்போது அந்த மருந்தின் பெயரையும் அதே இனத்து மருந்துகளையும் ஒரு அட்டையில் எழுதி, எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் காட்டச் சொல்கிறார்கள்.