பழுது டேப்பில் இல்லை

போன மாதம் நம் நண்பர் ஒருவர், பேத்தியின் ஆண்டு நிறைவுப் படங்களை வெளி டிஸ்க்கில் ஏற்றினால் பாதியில் நின்றுவிடுகிறது, டிஸ்க் போய்விட்டது, புதிது வாங்க வேண்டும் என்றார். "கேபிளை மாற்றிப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். மாற்றினார், ஏறிவிட்டது. 1997-இல் நான் பட்ட அவதி கற்றுத்தந்த கேள்வி அது.

அப்போது எங்கள் ரயில்வே அலுவலகத்தின் சம்பளம், பி.எஃப். கணக்குகளைத் தினமும் இரவில் டி.டி.எஸ்.-2 டேப்பில் பிரதி எடுப்போம். 120 மீட்டர் நாடா, 4 ஜி.பி. கொள்ளும். திடீரென்று ஒரு நாள் முடியும், மறுநாள் நடுவில் நிற்கும். புது டேப் போட்டோம், கிளீனிங் கேசட் ஓட்டினோம், பலனில்லை. டிரைவையே மாற்றச் சொன்னார் பழுது பார்ப்பவர். அந்த மாதம் ஓய்வு பெறவிருந்த கேங்மேன்கள் பதினான்கு பேரின் செட்டில்மென்ட் கணக்கும் அந்த ஒரே டிஸ்க்கில்தான். எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் எலக்ட்ரிகல் டிப்ளமோக்காரன், கம்ப்யூட்டர் தலையில் கட்டப்பட்டது. ஆனால் ஒன்று உறைத்தது. நாடாவில் பழுதென்றால் அதே டேப் அதே இடத்தில் நிற்க வேண்டும். இங்கே ஒவ்வொரு நாளும் வேறு இடம். சிறிய ஃபைல்கள் ஒழுங்காக ஏறின. பதிவேட்டில் முதலில் 'பாரிட்டி' பிழை, உடனே 'பஸ் ரீசெட்'.

பஸ் என்றால் நாம் ஏறும் பஸ் அல்ல. எல்லாச் சாதனங்களும் பங்கு போட்டுக்கொள்ளும் கம்பிப் பாதை. ஸ்கஸி என்ற அந்த முறையில் டிஸ்க், டேப் எல்லாம் ஒரே கேபிளில் வரிசையாகக் கோக்கப்படும். இரண்டு முனைகளில் மட்டும் டெர்மினேட்டர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிணற்றில் கூப்பிட்ட குரல் போல மின் சைகை முட்டித் திரும்பி, அடுத்து வருவதோடு குழம்பும். பஸ் ரீசெட் ஆனால் டிஸ்க் விட்டதை மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். டேப்புக்கு அது ஆகாது. ஓடுகிற நாடா, இடம் தவறினால் வேலை நின்றது. அதனால்தான் பழி டேப்பின் மேல் விழுந்தது.

மின்சாரத்தை அணைத்துவிட்டுப் பின்பக்கம் பார்த்தேன். சில வாரம் முன்பு டேப் டிரைவுக்கு அப்பால் இன்னொரு டிஸ்க்கைக் கோத்திருந்தார்கள். டேப்பின் உள்ளே டெர்மினேட்டர் போட்டது போட்டபடி. கடைசியாக நின்ற டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை. உள்ளும் வெளியுமாகக் கேபிளின் மொத்த நீளம் 3 மீட்டர் வரம்பையும் தாண்டியிருந்தது. டெர்மினேட்டரைக் கடைசிக்கு மாற்றி, குட்டைக் கேபிள் போட்டேன். அன்றிரவு முழுதும் ஓடி முடிந்தது. பிறகு பழைய டேப்புகளைத் திருப்பிப் படித்துப் பார்த்தேன். 'முடிந்தது' என்று எழுதியிருந்தவற்றிலேயே இரண்டு படிக்கவில்லை!

இன்றைய சாதனங்களில் டெர்மினேட்டர் தொல்லை இல்லை. கேபிளும் சாக்கெட்டும் இருக்கின்றன. பிரதி எடுத்தால் நாலு படங்களையாவது திறந்து பாருங்கள்.

நண்பர் அந்தப் பழைய கேபிளைச் சுருட்டி மேசை டிராயரில் வைத்திருக்கிறாராம். கத்தரித்துப் போடச் சொல்லியிருக்கிறேன்.