டயரைப் படித்து வாங்குவோம்

தில்லியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கணவர் வேன் ஓட்டுகிறார். வேன் அவருக்குச் சொந்தம். மனைவி அந்த வேனில் சமையல் செய்கிறார். தமிழ்நாட்டிலிருந்து யாத்திரை வருபவர்களை ஆக்ரா, மதுரா, ஹரித்வார், ரிஷிகேஷ் என்று அழைத்துப் போகிறார்கள். அடுப்பு, பாத்திரம், அரிசி மூட்டை, தண்ணீர்க் கேன் எல்லாம் வண்டியிலேயே இருக்கும். இரவில் இருக்கையைச் சாய்த்தால் படுக்கை.

மே மாதம். கடும் வெயில். பின் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன. இருவரும் டயர் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் இரண்டு டயர்களை உருட்டி வந்தார். கறுகறு என்று மின்னின. பட்டன் ஆழமாக இருந்தது. விலை பாதிதான்.

கணவருக்குப் பிடித்துவிட்டது. மனைவி குனிந்து டயரின் ஓரத்தைப் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"என்னங்க, இங்கே 1417-ன்னு போட்டிருக்கே. இது என்ன?"

"ஏதாவது கம்பெனி நம்பரா இருக்கும். அது நமக்கு எதுக்கு?"

அது தேவையில்லாத எண்ணா? இல்லை. அதுதான் டயரின் பிறந்த தேதி.

டயருக்கும் வயது உண்டு

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம். கடைசி இரண்டு இலக்கம் ஆண்டு. 1417 என்றால் 2017ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். அதாவது ஏப்ரல் மாதம்.

ஓடாத டயரும் கிழடாகும். வெயிலும் காற்றும் பட்டு ரப்பர் இறுகும். மெல்லிய வெடிப்பு விழும். யாத்திரை வேன் பல நாள் சும்மா நிற்கும். அதனால் அதன் பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பர் கெட்டுவிடலாம். பாலிஷ் போட்டால் வெடிப்பு வெளியே தெரியாது.

ஐந்து ஆண்டு ஓடிய டயரை ஆண்டுக்கு ஒருமுறை விவரம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். பத்து ஆண்டு ஆகிவிட்டால், பட்டன் இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். டயர் நிறுவனங்கள் பலவும் இப்படித்தான் சொல்கின்றன.

அளவு என்ன?

டயரில் 215/75 ஆர் 15 என்பதுபோல் எழுதியிருக்கும். இதில் 215 என்பது டயரின் அகலம், மில்லி மீட்டரில். 75 என்பது பக்கச் சுவரின் உயரம். அகலத்தில் நூற்றுக்கு 75 பங்கு என்று பொருள். ஆர் என்றால் ரேடியல் டயர். 15 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில்.

உங்கள் வண்டிக்கு எந்த அளவு என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். பல வண்டிகளில் ஓட்டுநர் கதவுப் பக்கமும் ஒட்டியிருப்பார்கள். அதே அளவைத்தான் வாங்க வேண்டும். ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் நைலான் டயர் போடக் கூடாது.

எவ்வளவு சுமை தாங்கும்?

இதைத்தான் பலர் பார்ப்பதில்லை. அளவுக்குப் பின்னால் இன்னொரு எண் இருக்கும். அது சுமை எண். அது கிலோ அல்ல. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு எடை உண்டு.

100 என்றால் 800 கிலோ.
104 என்றால் 900 கிலோ.
109 என்றால் 1,030 கிலோ.
113 என்றால் 1,150 கிலோ.

இது ஒரு டயர் தாங்கும் எடை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்கள் ஏறி, சாமான் ஏற்றிய பிறகு பின் சக்கரங்கள் மேல் 2,000 கிலோ இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னால் இரண்டே டயர். அப்படியானால் ஒவ்வொன்றின் மேலும் 1,000 கிலோ. 100 என்று எழுதிய டயர் 800 கிலோதான் தாங்கும். அளவு சரியாகப் பொருந்தினாலும் அந்த டயர் ஆபத்து. 113 இருந்தால் தாங்கும். கையேட்டில் உள்ள எண்ணுக்குக் குறைந்த டயரை எப்போதும் வாங்கக் கூடாது.

வேன் டயரில் 113/111 என்று இரண்டு எண் இருக்கலாம். ஒரு பக்கத்துக்கு ஒரே டயர் என்றால் முதல் எண். இரட்டை டயர் என்றால் இரண்டாவது எண்.

வண்டியின் எடை தெரியவில்லையா? எடை மேடைக்குப் போங்கள். தில்லியில் அதைத் தர்ம் காண்டா என்பார்கள். ஆளும் சாமானும் ஏற்றியபடியே நிறுத்துங்கள். பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தியும் எடை பாருங்கள்.

பட்டனும் முத்திரையும்

மழை நாளில் சாலையில் தேங்கும் தண்ணீரைப் பட்டனின் பள்ளங்கள்தான் வெளியேற்றுகின்றன. பள்ளம் இல்லாவிட்டால் வண்டி வழுக்கும். வேனுக்கும் காருக்கும் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லி மீட்டருக்குக் குறையக் கூடாது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இப்படிச் சொல்கின்றன. அளக்கக் கருவி வேண்டாம். பள்ளத்துக்குள் சிறு ரப்பர் மேடு இருக்கும். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயரை மாற்ற வேண்டும்.

மொட்டை டயரில் சிலர் சூட்டுக் கத்தியால் புதுப் பள்ளம் கீறி விற்பார்கள். பள்ளம் ஆழமாகத் தெரியும். ஆனால் அடியில் ரப்பர் மெலிந்திருக்கும். அதை வாங்காதீர்கள். ரீபட்டன் டயர் என்பது வேறு. அதில் பழைய டயர் மேல் புது ரப்பர் ஒட்டுவார்கள். நல்ல இடத்தில் செய்தால் சுமை வண்டிக்கு உதவும். ஆனால் ஆட்களை ஏற்றும் வேனின் முன் சக்கரத்தில் அதைப் போட வேண்டாம். புது டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

காற்றைக் குறைக்காதீர்கள்

"வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து வை, இல்லாவிட்டால் டயர் வெடிக்கும்" என்று சொல்வார்கள். இது தவறு. ஒரு கம்பியை இங்கும் அங்கும் வளைத்துப் பாருங்கள். வளைத்த இடம் சூடாகும். பிறகு ஒடிந்துவிடும். காற்றுக் குறைந்த டயரும் அப்படித்தான். ஒவ்வொரு சுற்றிலும் அதன் பக்கச் சுவர் மடங்கி நிமிர்கிறது. சூடு ஏறுகிறது. உள்ளே ரப்பர் அடுக்குகள் பிரிகின்றன. பிறகு டயர் வெடிக்கிறது. சுமை கூடினால் சூடும் கூடும். வேகம் கூடினாலும் அப்படித்தான்.

கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ரா வரை யமுனா விரைவுச் சாலை போகிறது. நீளம் 165 கிலோ மீட்டர். 2012இல் திறந்தார்கள். சிமெண்டுச் சாலை. நிற்காமல் வேகமாகப் போகலாம். அங்கே டயர் வெடித்துப் பல விபத்துகள் நடந்திருக்கின்றன. பலர் உயிர் இழந்திருக்கிறார்கள்.

காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போதே காற்றுப் பாருங்கள். கையேட்டில் உள்ள பவுண்டு அளவு வையுங்கள். ஓடிச் சூடான டயரிலிருந்து காற்றை இறக்காதீர்கள்.

இப்போது மீண்டும் கடைக்குப் போவோம். மனைவி கேட்டார்:

"ஏங்க, அந்த டயரை நம்பி நம்ம வண்டியில எத்தனை பேர் தூங்கிட்டு வர்றாங்க?"

கணவர் பேசவில்லை. பளபளத்த டயரை ஓரமாக உருட்டி வைத்தார். பிறகு ஒரே அளவு, ஒரே வகை, சரியான சுமை எண், அண்மைத் தேதி உள்ள இரண்டு டயர்களைக் கேட்டார். விலை இரு மடங்கு. ஒரு பயணத்தின் வருமானம் அதில் போனது. ரசீதையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்ததும் மனைவி ஸ்டெப்னியின் எண்ணையும் படித்துப் பார்த்தார்.

யோசியுங்கள், பேசுங்கள்

1. ஒரு டயரில் 3022 என்று இருக்கிறது. அது எந்த ஆண்டு செய்தது?
2. பின் சக்கரங்கள் மேல் 1,700 கிலோ. இரண்டு டயர். சுமை எண் 100 போதுமா?
3. உங்கள் ஊர்ப் பேருந்தின், வேனின் டயரைப் பாருங்கள். என்னென்ன எண்கள் இருக்கின்றன? எழுதி வந்து வகுப்பில் படியுங்கள்.